வஹாக்கா மலையில் செல்போன்: ஊர் நெட்வொர்க்கா, கம்பெனி டவரா?

மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில், சியேரா நோர்த்தே மலையில் தலேயா தெ காஸ்த்ரோ என்று ஓர் ஊர், சபோடெக் பழங்குடி மக்களுடையது. காப்பி விளைகிற பூமி. இரண்டாயிரத்துச் சொச்சம் பேருக்காக டவர் போட்டால் கட்டுப்படியாகாது என்று செல்போன் கம்பெனிகள் ஒதுங்கிக்கொண்டன. சரி, நாமே போடுவோம் என்று ஊர்க்காரர்கள் 2013-இல் சொந்த நெட்வொர்க்கைத் தொடங்கினார்கள். ரைசோமாட்டிகா என்ற அமைப்பு தொழில்நுட்பத்துக்குத் துணை நின்றது.

அதற்கு முன்னால் இந்த மலையூர்களுக்கு இருந்தது 'கசேட்டா' எனப்படும் தொலைபேசிக் கடைதான். அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன மகன் கூப்பிட்டால், ஒலிபெருக்கியில் அம்மாவின் பெயரைச் சொல்லி அழைப்பார்கள். அவர் ஓடி வந்து சேரும்வரை மகன் காத்திருக்க வேண்டும். பேசுகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு.

ஊர் நெட்வொர்க் இதைத்தான் மாற்றியது. ஒரு சின்ன அலைபரப்பிக் கருவி, ஒரு கணினி, வெளியூர் அழைப்புகளுக்கு இணைய இணைப்பு, அவ்வளவுதான். பழைய பட்டன் போனே போதும். இப்படிப் பல ஊர்களைச் சேர்த்து நடத்தும் சங்கத்தில் மாதச் சந்தா 40 பெசோ (மெக்சிகோ நாணயம்) என்று வைத்தார்கள். அதில் 25 பெசோ ஊருக்கு, 15 பெசோ சங்கத்துக்கு. 2016-இல் அரசே இந்தச் சங்கத்துக்கு அலைவரிசை உரிமம் தந்தது. மெக்சிகோவில் பழங்குடி மக்களுக்கென்று அப்படி உரிமம் தரப்பட்டது அதுவே முதல் முறை.

குறையும் உண்டு, அது பெரிய குறை. இது 2ஜி. பேசலாம், எஸ்எம்எஸ் அனுப்பலாம். போட்டோ, வீடியோ போகாது. மலை இறங்கினால் அந்த சிம் வேலை செய்யாது. நெரிசலைத் தவிர்க்க, தலேயாவில் ஐந்து நிமிடத்தில் அழைப்பைத் துண்டிக்கும்படி வைத்திருந்தார்கள். கம்பெனி சிம்மில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பேரனின் முகத்தைப் பார்க்க ஆசைப்படும் பாட்டிக்கு அதுதான் வேண்டும். பின்னாளில் தலேயாவுக்கே ஒரு பெரிய கம்பெனி வந்தபோது பலர் அந்தப் பக்கம் சாய்ந்ததை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் டவரே வராத ஊருக்கு என்னைக் கேட்டால், கம்பெனிக்காகக் காத்திருக்காமல் ஊர் நெட்வொர்க்கைப் போடுங்கள் என்றுதான் சொல்வேன். நாளைக்குக் கம்பெனி வந்தாலும் ஊர்க் கருவியைக் கழற்றிவிடாதீர்கள். கட்டணம் எவ்வளவு என்பதை ஊர்க்கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்ய முடிவது அதில் மட்டும்தான்.