499 ரூபாய்க்கு வாங்கின உசிக் – டுபுவா கணிப்பு: காசு வேஸ்ட்டா இல்லையா

மொதல்லயே சொல்லிடறேன், இது பாக்ஸிங் ஃபைட் ரிவியூ இல்ல. ஃபைட்டுக்கு முந்தின நாள் நாங்க நாலு பேர் தலைக்கு 125 போட்டு வாங்கின ஒரு "ப்ரெடிக்ஷன் ரிப்போர்ட்" இருக்கே, அதோட ரிவியூ. டெலிகிராம்ல ஓடுற ஒரு சேனல். பேர் எழுத மாட்டேன், எழுதினா நாளைக்கே வேற பேர்ல கடைய தொறந்துடுவானுங்க, இந்த மாதிரி எக்கச்சக்கமா இருக்கு, எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி தான்.

எந்த ஃபைட்டுன்னா 2025 ஜூலை 19, லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியம், ஒலெக்சாண்டர் உசிக்கும் டேனியல் டுபுவாவும் ரெண்டாவது தடவ மோதினது. ஹெவிவெயிட்ல நாலு பெரிய பெல்ட்டு, உசிக் கிட்ட மூணு, டுபுவா கிட்ட ஒண்ணு, ஜெயிக்கிறவருக்கு நாலும். எங்களுக்குள்ள பந்தயம் பணம் எல்லாம் கெடையாது, மட்டன் பிரியாணி. தப்பா சொன்னவன் மத்தவங்களுக்கு வாங்கித் தரணும். அதுக்குப் போய் 499 செலவு பண்ணி கணிப்பு வாங்கினோமான்னு கேக்காதீங்க, ராத்திரி 11 மணிக்கு எடுத்த முடிவு.

பணம் போட்ட கொஞ்ச நேரத்துல ஒரு பிடிஎஃப் வந்துச்சு. 6 பக்கம். மொத பக்கம் முழுக்க ஒரு சிங்கம் க்ளவுஸ் மாட்டிக்கிட்டு நிக்குது. ரெண்டாவது பக்கத்துல "ஏஐ அனாலிசிஸ்"னு பெருசா போட்டு உயரம், எடை, வயசு, கை நீளம் ஒரு டேபிள், இதெல்லாம் கூகுள்ல தட்டினா ரெண்டு செகண்ட்ல வரும். கடைசி பக்கத்துல தீர்ப்பு: டுபுவா, 8வது ரவுண்டுக்குள்ள நாக்அவுட், நம்பிக்கை 87 சதவீதம். இந்த 87 எங்கேருந்து வந்துச்சுன்னு 6 பக்கத்தையும் திருப்பித் திருப்பி பாத்தேன், எங்கயும் கணக்கு இல்ல. 86ன்னு போட்டிருந்தா என்ன வித்தியாசம், 88ன்னு போட்டிருந்தா என்ன வித்தியாசம்னு எழுதினவனுக்கே தெரியாது.

ஆனா மூணு காரணம் சொல்லியிருந்தானுங்க, அத பாக்கணும்ல. வயசு, சைஸ், அப்புறம் முன்னாள் சாம்பியன் ஆண்டனி ஜோஷ்வா.

வயசு நியாயமான கேள்வி தான், நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். உசிக்குக்கு 38, டுபுவாவுக்கு 27. அதுவும் உசிக் மாதிரி கால வச்சு பொழைக்கிற ஆளுக்கு வயசு திடீர்னு ஒரு நாள் ராத்திரி வந்து நிக்கும், முன்கூட்டியே சொல்லிட்டு வராது. 1994ல ஜார்ஜ் ஃபோர்மன் 45 வயசுல அப்போ சாம்பியனா இருந்த மைக்கேல் மூரர 10வது ரவுண்ட்ல சாச்சாரு, ஆனா ஃபோர்மனோட கத வேற, அவருக்கு கால் ஓடணும்னு அவசியமே இல்ல, அந்த ஒரு வலது கை போதும். உசிக்குக்கு கால் நின்னா கடைய மூட வேண்டியது தான். அதனால வயசுன்னு சொன்னத ஒத்துக்கறேன். ஆனா கால் நின்னுச்சா இல்லையான்னு டேபிள் சொல்லாது, அதுக்கு முந்தின ஃபைட்ட உக்காந்து பாத்திருக்கணும்.

சைஸ் தான் காமெடி. டுபுவா வெயிட்ல 243 பவுண்டுக்கு மேல, உசிக் 227 சொச்சம், "இந்த பவர் வித்தியாசத்த தாங்க முடியாது"ன்னு எழுதியிருந்தான். டேய், ஏழு மாசம் முன்னாடி 2024 டிசம்பர்ல ரியாத்ல உசிக் கூட ரெண்டாவது தடவ மோதின முன்னாள் சாம்பியன் டைசன் ஃப்யூரி தராசுல 281 பவுண்ட் காட்டினாரு, உசிக் 226. வித்தியாசம் 25 கிலோ, அதாவது ஒரு சிப்பம் அரிசிய இடுப்புல கட்டிக்கிட்டு வந்த மாதிரி. கடைசில என்ன ஆச்சு, மூணு ஜட்ஜும் 116-112ன்னு உசிக்குக்கு குடுத்தாங்க (ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஜெயிச்சவருக்கு 10, தோத்தவருக்கு 9, கீழ விழுந்தா 8, எல்லாத்தையும் கூட்டினது தான் ஸ்கோர்). அந்த ஃபைட்லயே சோதனைக்காக ஒரு ஏஐ ஜட்ஜும் வச்சிருந்தாங்க, கணக்குல சேக்காம சும்மா. அது இன்னும் தாராளமா 118-112 உசிக்குன்னுச்சு. ஆனா அது ஃபைட்ட பாத்துட்டு மார்க் போட்டது, இவனுங்க மாதிரி டேபிள பாத்துட்டு ஜோசியம் சொல்லல.

மூணாவது காரணத்துக்கு தான் எங்க க்ரூப்ல ஒருத்தன் விழுந்தான். "ஜோஷ்வா உசிக் கூட 24 ரவுண்ட் நின்னாரு. அதே ஜோஷ்வாவ டுபுவா 5 ரவுண்ட்ல முடிச்சாரு. அப்போ டுபுவா யாரு?" கேக்கறதுக்கு கரெக்டா தானே இருக்கு? 2021ல டாட்டன்ஹாம் ஸ்டேடியம், 2022ல ஜெட்டா, ரெண்டு தடவையும் 12 ரவுண்ட் முழுசா போச்சு, உண்மை. 2024 செப்டம்பர்ல இதே வெம்ப்ளில டுபுவா ஜோஷ்வாவ திரும்பத் திரும்ப கீழ தள்ளி அஞ்சாவதுல படுக்க வச்சாரு, அதுவும் உண்மை. ஆனா பாக்ஸிங் கணக்குப் பாடம் இல்லையே. ஃபோர்மன் ஜோ ஃப்ரேசியர 1973ல 2 ரவுண்ட்ல முடிச்சாரு, கென் நார்ட்டன 1974ல அதே 2 ரவுண்ட்ல முடிச்சாரு. ஃப்ரேசியரும் நார்ட்டனும் ஆளுக்கு ஒரு தடவ முகமது அலிய ஜெயிச்சவங்க, நார்ட்டன் அலியோட தாடையவே ஒடச்சவரு. இந்தக் கணக்குப்படி பாத்தா அலி ஃபோர்மன் கிட்ட பொணமா தான் திரும்பணும், அப்போ நெறைய பேர் அப்படித்தான் பயந்தாங்க. 1974 அக்டோபர் 30, கின்ஷாசா, 8வது ரவுண்ட், கீழ கெடந்தது ஃபோர்மன். ஒருத்தருக்கு செட்டாகாத ஸ்டைல் இன்னொருத்தருக்கு அல்வா மாதிரி. ஜோஷ்வா நேர்கோட்டுல நிக்கிற ஆளு, டுபுவாவோட வலது கைக்கு அவர் போய் நின்னுதான் குடுத்தாரு. உசிக் அங்க நிக்கவே மாட்டாரே.

இந்த ரிப்போர்ட்ல எனக்கு ஒண்ணு தாங்கல. ரெண்டு பேரும் 2023 ஆகஸ்ட்ல போலந்துல ஏற்கனவே மோதியிருக்காங்க. கணிப்பு எழுதறவன் மொதல்ல எடுக்க வேண்டிய ஃபைட் அது தானே? அதப் பத்தி ஒரே ஒரு வரி: "டுபுவா ஏற்கனவே ஜெயிச்சிருக்க வேண்டியவர்." அஞ்சாவது ரவுண்ட்ல பெல்ட் லைன்ல விழுந்த அடிய சொல்றான். அது லோ ப்ளோவா, அதாவது இடுப்புக்குக் கீழ விழுந்த தப்பான அடியா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் சண்ட ஓடுது, ரெஃப்ரி லோ ப்ளோன்னு சொல்லி டைம் குடுத்தாரு, உசிக் கிட்டத்தட்ட நாலு நிமிஷம் எடுத்துக்கிட்டு எழுந்து வந்தாரு. சரி, டுபுவா ரசிகர்களுக்கு வயித்தெரிச்சல் இருக்கும், எனக்கே அது பெல்ட் மேல தான் பட்ட மாதிரி இருந்துச்சு. ஆனா அதுக்கப்புறம் நடந்தத ஏன்டா எழுதல? எட்டாவது ரவுண்ட்ல டுபுவா கீழ, ஒம்பதாவதுல மறுபடி கீழ, ரெஃப்ரி பத்து வரைக்கும் எண்ணுற கவுண்ட் முடியறதுக்குள்ள எழுந்திரிக்கல. கடைசியா விழுந்தது பெரிய அடி கூட இல்ல, ஒரு ஜாப் (முன் கைய நீட்டித் தட்டறது) மாதிரி வலது கை. அவ்ளோ சின்ன அடிக்கு ஒருத்தர் உக்காந்துட்டார்னா அதுக்கு முன்னாடி எட்டு ரவுண்டா என்ன வாங்கியிருக்காருன்னு தான் யோசிக்கணும்.

உசிக் ஃபைட்ட பாக்கத் தெரியணும்னா மூஞ்சிய பாக்காதீங்க, காலப் பாருங்க. அவர் சவுத்பா, அதாவது இடது கைக்காரர் மாதிரி நிக்கிறவரு, வலது கால் முன்னாடி. எதிராளி இடது கால் முன்னாடி வச்சிருப்பான். ரெண்டு முன்னங்காலும் ஒண்ணுக்கொண்ணு முட்டிக்கும், யாரோட கால் வெளிப்பக்கம் இருக்கோ அவனுக்கு ரூட் க்ளியர். உசிக் பொழுதன்னைக்கும் தன் வலது கால எதிராளி கால் பாதத்துக்கு வெளிய வச்சுக்கிட்டே இருப்பாரு, அங்கேருந்து அவரோட இடது கை நேரா உள்ள போகும், எதிராளியோட வலது கை சுத்தி வளச்சு வரணும். மொத மூணு நாலு ரவுண்ட் சும்மா தட்டித் தட்டிப் பாப்பாரு, வலிக்காத ஜாப், தோசக்கல்லு சூடாச்சான்னு தண்ணி தெளிச்சுப் பாக்கற மாதிரி. அதுல எதிராளி எந்தப் பக்கம் சாயறான், எப்போ மூச்சு வாங்கறான்னு எடுத்துக்குவாரு. ஜெட்டால 9வது ரவுண்ட் முழுக்க ஜோஷ்வாவோடது, வீட்ல உக்காந்திருந்த எனக்கே முடிஞ்சுதுன்னு தோணுச்சு, 10வதுல உசிக் வந்து வட்டியோட திருப்பிக் குடுத்தாரு. ஃப்யூரி கூட மொத ஃபைட்லயும் நடுவுல சில ரவுண்ட் அடி வாங்கிட்டு 9வதுல ஃப்யூரிய கயித்துல தள்ளாட விட்டு கவுண்ட் வாங்க வச்சாரு. அந்த ஃபைட்டோட ஸ்கோர ஞாபகம் வச்சுக்கங்க, 115-112, 114-113 உசிக்குக்கு, ஒரு ஜட்ஜ் 114-113 ஃப்யூரிக்கு. அந்த 9வது ரவுண்ட் 10-8 ஆகாம 10-9ஆ இருந்திருந்தா மேட்ச் ட்ரா. ஒரு பாயிண்ட்ல தொங்கற விளையாட்டு இது, இதுல வந்து 87 சதவீதமாம்.

டுபுவாவ சும்மா சொல்லக் கூடாது, 2023 தோல்விக்கு அப்புறம் அவர் வேற ஆளா தான் வந்தாரு. ஜாரெல் மில்லர், ஹர்கோவிச், ஜோஷ்வா, வரிசையா மூணு பேரையும் நேரத்துக்கு முன்னாடியே முடிச்சாரு. மனசு தளந்துடுவார்னு ஒரு பேச்சு இருந்துச்சு, 2020ல ஜோ ஜாய்ஸ் கிட்ட கண்ணு பக்கத்து எலும்பு ஒடஞ்சு முட்டி போட்டதுலேருந்து, ஆனா 2022ல லெரேனா மொத ரவுண்ட்லயே மூணு தடவ கீழ தள்ளியும் எழுந்து வந்து மூணாவதுல ஜெயிச்ச ஆளு. அதெல்லாம் வச்சு ஒருத்தன் டுபுவா ஜெயிப்பார்னு எழுதியிருந்தா நான் மரியாதையா படிச்சிருப்பேன். இவனுங்க ரிப்போர்ட்ல இதுல பாதி இல்ல.

நான் சொன்னது: உசிக், 9லேருந்து 11வது ரவுண்டுக்குள்ள ஸ்டாப்பேஜ், அதாவது 12 ரவுண்ட் போகாமலே முடிச்சுடுவாரு. டுபுவா இந்தத் தடவ மொத நாலு ரவுண்ட் ஜெயிப்பாருன்னும் சேத்து சொன்னேன், அதுக்கு வருவோம்.

அதிகாலை ரெண்டு மணிக்கு மேல ஃபைட். ஒரு ஃப்ரெண்டு வீட்டு ஹால்ல சவுண்ட கொறச்சு வச்சு உக்காந்திருக்கோம், உள்ள அவன் அம்மா தூங்கறாங்க. மொத நாலு ரவுண்ட் டுபுவா ஜெயிப்பாருன்னு சொன்னேன்ல, ஒண்ணு கூட தெளிவா அவர் கைக்கு வரல, உசிக் ஆரம்பத்துலேருந்தே இடது கைய விட்டுக்கிட்டு இருந்தாரு. தண்ணி தெளிக்கவே இல்ல, நேரா மாவ ஊத்திட்டாரு. அஞ்சாவதுல ஒரு வலது ஹுக், டுபுவா முட்டி போட்டாரு. எழுந்தாரு. அடுத்து சுத்தி வந்த ஒரு இடது கை, அவ்ளோதான், 1 நிமிஷம் 52 செகண்ட். அந்த அடிக்கு உசிக் "இவான்"னு பேர் வச்சிருக்காராம். நாங்க கத்தின கத்துல அம்மா எழுந்து வந்து "எதுக்குடா நடு ராத்திரில அடிச்சுக்கறீங்க"ன்னாங்க. "நாங்க இல்லம்மா, டிவில"ன்னான்.

ஆக நான் ஆள கரெக்டா சொன்னேன், ரவுண்ட கோட்ட விட்டேன், ஆரம்பம் எப்படி இருக்கும்னு சொன்னது முழுத் தப்பு. ஆனா நான் யார்கிட்டயும் 499 வாங்கல.

காலைல சேனல தொறந்தா டுபுவா போஸ்ட காணோம், டெலிட். அதுக்குப் பதிலா "ஹெவிவெயிட்ல ஒரே அடில எல்லாம் மாறும், அதான் பாக்ஸிங்கோட அழகு"ன்னு ஒரு மெசேஜ், கீழயே "அடுத்த ரிப்போர்ட் 299 மட்டும்". ரீஃபண்ட் கேட்டு மெசேஜ் போட்டேன், ரெண்டு டிக் வந்துச்சு, அப்புறம் என்னய சேனல்லேருந்தே தூக்கிட்டானுங்க.

இதோட விட்டிருப்பேன். திங்கக்கெழம ஆபீஸ்ல டீ குடிக்கும்போது இத சொல்லி சிரிச்சா, பக்கத்து டீம்காரர் ஒருத்தர், "என்ன சார் சொல்றீங்க, நானும் வாங்கினேன், எனக்கு உசிக்னு கரெக்டா சொன்னாங்களே"ங்கறாரு. போன வாங்கிப் பாத்தா வேற சேனல், வேற பேர், ஆனா அதே சிங்கம், அதே க்ளவுஸ், அதே 6 பக்கம், ரெண்டாவது பக்கத்துல "வெப்ம்ளி"ன்னு எங்க பிடிஎஃப்ல இருந்த அதே எழுத்துப் பிழை. கடைசி பக்கம் மட்டும் மாத்தி: உசிக், 87 சதவீதம். அந்த 87ஐ கூட மாத்தல பாருங்க, அது தான் எனக்கு ஆத்திரமே.

புரிஞ்சுதா வேல? ரெண்டு கட, ஒண்ணுல ஒருத்தன், இன்னொண்ணுல இன்னொருத்தன். எப்படியும் ஒரு கட ஜெயிக்கும். ஜெயிச்ச கடையில ஸ்க்ரீன்ஷாட் எடுத்து "ப்ரூஃப்"னு ஒட்டிக்குவானுங்க, தோத்த கடைய தொடச்சு விட்டுட்டு புதுப் பேர் வச்சுக்குவானுங்க. ஜெயிச்ச கட கஸ்டமர் அடுத்த தடவ கூடக் காசு குடுப்பான். டீம்காரர் ஏற்கனவே அடுத்ததுக்கு புக் பண்ணிட்டாராம், நான் ரெண்டு பிடிஎஃபையும் பக்கத்துல பக்கத்துல வச்சு காட்டினேன், கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "இருந்தாலும் எனக்கு கரெக்டா தானே சார் வந்துச்சு"ன்னாரு.

ரேட்டிங் கேட்டா 5க்கு அரை. அந்த அரையும் எதுக்குன்னா, மெயின் ஃபைட் இந்திய நேரப்படி எத்தன மணிக்குன்னு போட்டிருந்தானுங்க, அது மட்டும் கரெக்டா இருந்துச்சு, அலாரம் வைக்க உதவுச்சு.

பிரியாணிய 87 சதவீதத்த நம்பினவன் தான் வாங்கினான். பில் வந்ததும், ரிப்போர்ட்டுக்கு போட்ட 125ஐ இதுல கழிச்சுக்கலாமாடான்னு கேட்டான். கழிக்கல.