எட்டுப் பேர், ஒரு வீடு, கொடைக்கானல்

கொடைக்கானலில் தங்க வீடு கேட்டுப் போன் செய்தால், வாடகையைச் சொல்வதற்கு முன்பே ஒரு கேள்வி வருகிறது: "ஃபேமிலியா சார், பேச்சிலர்ஸா?" நாங்கள் எட்டுப் பேரும் மதுரையில் ஒன்றாகப் பாலிடெக்னிக் படித்தவர்கள். ஐம்பதைத் தொட்டுவிட்டோம், சிலர் பெண்ணைக் கட்டிக் கொடுத்தாயிற்று. மனைவி மக்கள் கூட வரவில்லை என்றால் அங்கே பேச்சிலர்ஸ் கணக்குதான். வீட்டுக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். குடித்துவிட்டுக் கத்துவதையும், பாட்டிலைப் புல்லில் உடைத்துப் போட்டுவிட்டுப் போவதையும் வாராவாரம் பார்க்கிறவர்கள். திண்டுக்கல்லில் இருக்கும் நண்பன் பேசினான்: "காலேஜ் செட்டுண்ணே, எல்லாரும் குடும்பஸ்தங்க, வயசானவய்ங்க." அதன் பிறகே வீடு தருகிறேன் என்றார்கள். யார், எந்த ஊர், என்ன வயது என்பதை முதல் போனிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என்னிடம் சிங்கப்பூர் பாஸ்போர்ட். மெல்பர்ன் நண்பன் ஓசிஐ அட்டைக்காரன் (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை). வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் ஒருவர் தங்கினால், இடம் கொடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரத்தை அரசின் இணையதளத்தில் பதிய வேண்டும். பழைய பெயரில் 'சி ஃபார்ம்' என்று சொல்வார்கள். ஓசிஐ இருந்தாலும் இது உண்டு. இந்திய பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இல்லை. பெரிய ஹோட்டல்களில் ரிசப்ஷனிலேயே பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்து முடித்துவிடுகிறார்கள். சின்ன ஹோம்ஸ்டேக்கள் சிலவற்றில் இந்த ஏற்பாடே இல்லை. ஒரு வீட்டுக்காரர் எல்லாம் பேசி முடித்த பிறகு "ஃபாரின் பாஸ்போர்ட்டா? வேண்டாம் சார்" என்று கையை விரித்துவிட்டார். இரவு ஒன்பது மணிக்குக் குளிரில் வாசலில் நிற்கும்போது இதைக் கேட்க நேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

லாட்ஜா, வீடா என்பதில் எங்களுக்குள் நிறையப் பேச்சு நடந்தது. சீசன் இல்லாத வார நாளில் ஏழு ரோடு பக்கம் டபுள் ரூம் 2,200 ரூபாய் என்றார்கள். நான்கு ரூமுக்கு 8,800. வில்பட்டி போகும் வழியில் மூன்று பெட்ரூம், ஹால், அடுப்படியோடு ஒரு வீடு 9,000. தலைக்குப் பார்த்தால் வித்தியாசம் ஒன்றுமே இல்லை. ஆனால் லாட்ஜில் எட்டுப் பேரும் ஒன்றாக உட்கார இடம் கிடையாது. ஒருவன் கட்டிலில் எல்லோரும் நெருக்கி உட்கார்ந்து பத்து மணிக்கு ஒரு சிரிப்புச் சிரித்தால் ரூம் பாய் வந்து கதவைத் தட்டுவார். வருடக்கணக்கில் பார்க்காமல் இருந்த நண்பர்கள் சேர்வது பேசுவதற்குத்தான். அதனால் நான் முதலில் பார்ப்பது ஹால். 'வியூ' என்று ஆயிரம் ரூபாய் கூட்டிச் சொல்வார்கள். மதியம் ஆனால் மேகம் வந்து அந்த வியூவை மூடிவிடும். ஹாலை எந்த மேகமும் மூடாது.

செலவை இன்னும் குறைக்க நினைப்பவர்கள் ஃபெர்ன்ஹில் சாலையில் இருக்கும் அரசு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஹோட்டல் தமிழ்நாடு'வில் விசாரிக்கலாம். லாட்ஜ் எடுத்தால் பில்லை ஒரு தடவை பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. 

அடுத்து பாத்ரூம். எத்தனை கட்டில் என்று கேட்கிறோம், எத்தனை பாத்ரூம் என்று கேட்பதில்லை. எட்டுப் பேருக்கு ஒன்று என்றால் காலையில் ஊர் சுற்றக் கிளம்பப் பதினோரு மணி ஆகும். எங்களுக்கு மூன்று இருந்தன, மூன்றிலும் கீசர். சில இடங்களில் சோலார் வெந்நீர். நாலு நாள் வெயில் இல்லை என்றால் அது வெறும் தண்ணீர்தான். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் உண்டா, வெஸ்டர்ன் டாய்லெட் எத்தனை, ரோட்டிலிருந்து வீட்டுக்கு எத்தனை படி என்பதையும் கேட்டோம். மலைச் சரிவில் கட்டிய காட்டேஜ்களில் படி இறங்கிக்கொண்டே போகும். எங்களில் ஒருவனுக்கு மூட்டுவலி, இன்னொருவனுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. படத்தில் அழகாகத் தெரிந்த ஒரு வீட்டை அந்தப் படிகளுக்காகவே விட்டுவிட்டோம்.

பூம்பாறை, மன்னவனூர் பக்கம் வாடகை குறைவு, அமைதியும் அதிகம். பூம்பாறையில் அடுக்கடுக்காக இறங்கும் வயல்களைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம். புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு அங்கே விளைவதுதான். ஆனால் இரவில் ஒருவனுக்கு நெஞ்சு வலித்தால் அந்த வளைவுகளில் டவுனுக்கு வர எவ்வளவு நேரமாகும்? அந்தக் கணக்கில்தான் ஊருக்குப் பக்கத்திலேயே எடுத்தோம். இளவட்டங்கள் தாராளமாக அங்கே போகலாம். டெம்போ டிராவலர் வாசல் வரை வருமா, கடைசி ஒரு கிலோமீட்டர் ஜீப்பில்தான் போக வேண்டுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பார்த்துக்கொண்ட அக்கா சமைத்தும் கொடுத்தார். சாமான் வாங்கிக் கொடுத்து, சமையலுக்குத் தனியாகக் கூலி. கேரட் பொரியல், பூண்டு ரசம், நாட்டுக்கோழிக் குழம்பு. "நைட்டுக்குச் சப்பாத்தி போடவா, இட்லி ஊத்தவா தம்பி?" என்று அவர் கேட்டபோது மெல்பர்ன்காரன் இரண்டும் வேண்டும் என்றான். டவுன் ஹோட்டலில் ஒரு வேளைக்கு ஆகும் செலவில் இங்கே இரண்டு வேளை சாப்பிட்டோம்.

கேம்ப் ஃபயருக்கும் பார்பிக்யூவுக்கும் தனி ரேட் சொல்வார்கள். வெளியே எரியும் வரை சரி. குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று கரி அடுப்பை அறைக்குள் எடுத்துவந்து ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்க ஒருபோதும் விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்கியவன் எழுந்திருக்க மாட்டான். இளைஞர் கூட்டமாகப் போகிறவர்களுக்கு இதைக் கையைப் பிடித்துச் சொல்லத் தோன்றுகிறது.

மேலே போக இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டி, கொடைக்கானல் போகும் சுற்றுலா வண்டிகளுக்கு இது கட்டாயம். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் போட்டார்கள். எனவே வீட்டுக்கு அட்வான்ஸ் போடும் முன் பாஸ் கிடைக்கிறதா என்று பாருங்கள். அட்வான்ஸைக்கூட, வாட்ஸ்அப்பில் வந்த படத்தை மட்டும் நம்பி ஜிபே-யில் போட வேண்டாம். நாங்கள் வீடியோ காலில் அறை அறையாகக் காட்டச் சொன்னோம். அந்த அக்காவே காட்டினார்.

கடைசியாக டிரைவர். வண்டிக்கு டிரைவரோடு வாடகை பேசுகிறோம், அவர் எங்கே படுப்பார் என்று பேசுவதில்லை. டிசம்பர் குளிரில் சீட்டைச் சாய்த்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, காதில் துண்டைச் சுற்றிக்கொண்டு வண்டிக்குள்ளேயே படுத்துக் கிடக்கும் எத்தனையோ டிரைவர்களை ஏரிப் பக்கம் பார்க்கலாம். மறுநாள் கொண்டை ஊசி வளைவுகளில் நம் எட்டு உயிரும் அவர் கையில். 2023-இல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, ஹோட்டல், லாட்ஜ்களில் ஓட்டுநர்கள் தூங்கவும் குளிக்கவும் இடம் இருக்க வேண்டும் என்று சேர்த்திருக்கிறது. அதனால் தயங்காமல் கேளுங்கள். நாங்கள் வீடு பேசும்போதே எட்டு என்று சொல்லாமல் ஒன்பது பேர் என்றுதான் சொன்னோம். அடுப்படியை ஒட்டிய சின்ன அறையில் கட்டிலும் இரண்டு கம்பளியும் போட்டுக் கொடுத்தார்கள். அதற்குத் தனியாக ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை.