கோல்ஃப் மார்க் 4: பின் கேலிப்பர் மாற்றமும் அதன் பிறகான ஓட்டமும்

1997இல் வந்த நான்காம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃபில் பின் கேலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்) போவது பெரும்பாலும் பிஸ்டனால் அல்ல, அதன் மேலேயே உள்ள, ஹேண்ட்பிரேக் கேபிள் இழுக்கும் லீவரால்தான். லீவரின் தண்டு கேலிப்பருக்குள் நுழையும் இடத்து சீல் வழியாகத் தண்ணீர் இறங்கும், தண்டு துருப்பிடித்து இறுகும். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஜெர்மனி, பிரிட்டன் வண்டிகளில் இது சகஜம். அதே அடித்தளத்தில் வந்த முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா நம்மூரிலும் ஓடியது. பின்னால் டிஸ்க் உள்ள வண்டி மழையில் ஓட்டாமலே நின்றால் அதற்கும் இந்த வியாதி உண்டு.

ஹேண்ட்பிரேக்கை இறக்கியபின் லீவர் தன் ஸ்டாப்பரில் போய் உட்கார வேண்டும். உட்காரவில்லையா? கேபிளைக் கழற்றிக் கையால் அசைத்துப் பாருங்கள். சட்டென்று திரும்பினால் கேபிளில் கோளாறு; அப்போதும் திரும்பாவிட்டால் கேலிப்பர்தான். ஸ்பிரே எண்ணெய் அடித்தால் கொஞ்ச நாள் ஓடும், மறுபடி இறுகும். அதை நம்பிப் புது பேட் போடுவது வீண் செலவு. பழுதுபார்த்த கேலிப்பர் மலிவுதான். ஆனால் லீவர் தண்டின் சீலும் புதிதா என்று கேட்டு வாங்குங்கள். ஜோடியாக மாற்றுவது நல்லது.

கழற்றுமுன் பிரேக் பெடலைச் சற்று அழுத்தி ஒரு கட்டையால் முட்டுக்கொடுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் துளை அடைபடும், டேங்கில் உள்ள பிரேக் ஆயில் முழுக்க ஒழுகாது. (பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், பேட்டரி வயரைக் கழற்றிவிடலாம்.) கேலிப்பர் நகர்ந்து சறுக்கும் கைடு பின்னின் போல்ட்டுக்கு 13 மி.மீ. ஸ்பேனர், அந்தக் கைடு பின்னும் கூடவே சுழலாமல் 15ஆல் பிடித்துக்கொள்ள வேண்டும். பூட்டும்போது புது போல்ட், 35 நியூட்டன் மீட்டர். கேலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டையும் எடுத்தால் அதற்கு 65, சக்கர போல்ட்டுக்கு 120. ஹோஸின் இருபக்கச் செம்பு வாஷரும் புதிதாக இருக்கட்டும்.

இடது வலது மாறினாலும் கேலிப்பர் உட்கார்ந்துவிடும், ஏமாற வேண்டாம். ஏர் எடுக்கும், அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும், நிப்பிள் மேலே இல்லாவிட்டால் எவ்வளவு ஆயில் விட்டாலும் பெடல் பஞ்சு போலவே இருக்கும். புது கேலிப்பரை மாட்டுமுன்பே நிப்பிள் திறந்து டாட் 4 தர பிரேக் ஆயிலால் நிரப்பிக்கொள்வது பாதி வேலையை மிச்சப்படுத்தும். பிஸ்டனை சி-கிளாம்ப் வைத்து நேராக அமுக்கக் கூடாது, பேட் தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் அட்ஜஸ்டர் உடையும். அழுத்திக்கொண்டே கடிகாரத் திசையில் திருக வேண்டும்.

நாள்பட உழைக்குமா என்பதை முடிவுசெய்வது அடுத்த கட்டம். கேபிள் நட்டைத் தளர்த்தி வைத்து, ஏர் எடுத்து, பெடலைப் பலமுறை மிதித்து பேட்டை டிஸ்க்கோடு நெருங்க விடுங்கள். பிறகே கேபிளை இறுக்க வேண்டும்; லீவருக்கும் ஸ்டாப்பருக்கும் நடுவே 1 முதல் 1.5 மி.மீ. இடைவெளி போதும். முதலிலேயே கேபிளை இறுக்கினால் லீவர் பாதி இழுபட்ட நிலையில் நிற்கும், அட்ஜஸ்டர் சரியாக வேலை செய்யாது. கொஞ்ச காலத்தில் ஹேண்ட்பிரேக் மேலே மேலே வரும், குற்றமெல்லாம் புது கேலிப்பர் மேல் விழும்.

இப்படி மாட்டியவை பிரச்சினையின்றி ஓடுகின்றன. ஹேண்ட்பிரேக்கை அடிக்கடி பயன்படுத்தினாலே தண்டு இறுகுவது தள்ளிப்போகும். பிரேக் ஆயில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. பெரும்பாலான மாடல்களில் பின் டிஸ்க்கின் தடிமன் புதிதில் 9 மி.மீ.; 7ஐத் தொட்டால் அதையும் மாற்றிவிடுங்கள்.