பெட்டியில் பைக் மீனின் படம் இருந்தது: 145 பவுண்டுக்கு நான் வாங்கிய தூண்டில் தொகுதி பற்றிய எச்சரிக்கை

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் உள்ள ஒரு மீன்பிடிச் சாதனக் கடையில் சென்ற நவம்பரில் 145 பவுண்டு கொடுத்து நான் வாங்கிய தூண்டில் தொகுதி, முதல் நாளிலேயே ஒரு மீனின் வாயில் இரண்டு மும்முட்களை (மூன்று கொக்கிகள் உள்ள தூண்டில் முட்கள்) விட்டுவிட்டு அறுந்துபோனது. கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் அதே வகையான பெட்டிகள் வேறு இடங்களிலும் விற்கப்படுவதால், குளிர்காலத்தில் பைக் (pike) எனப்படும், பிற மீன்களைத் தின்னும் நன்னீர் மீனைப் பிடிக்கப் போக எண்ணியிருப்போர் இதை வாசித்த பின் பணத்தைக் கொடுப்பது நல்லது.

யாழ்ப்பாணத்தில் தங்கூசியைக் கையில் சுற்றி மீன் பிடித்துப் பழகிய எனக்குக் கோலும் ரீலும் புதியவை. ஆகையால், ஈலி நகரை அண்டிய கிரேட் ஊஸ் ஆற்றில், கரையில் நின்றபடி, செத்த கானாங்கெளுத்தியை இரையாகக் கொளுவிப் பைக் பிடிப்பதே என் நோக்கம் என்று விற்பனையாளரிடம் தெளிவாகவே சொன்னேன். அவர் ஒரு கணமும் யோசிக்காமல், பைக்கின் படம் அச்சிட்ட ஒரு பெட்டியை எடுத்துத் தந்தார். உள்ளே 9 அடிக் கோல் ஒன்றும், 8 இறாத்தல் எடை வரை தாங்கும் நைலோன் நூல் சுற்றிய, 2500 என்ற சிறிய அளவு ரீல் ஒன்றும் இருந்தன. தூண்டிலுக்கு முன்னால் கம்பி வேண்டாமா என்று கேட்டதற்கு, கம்பியைக் கண்டால் மீன் ஒதுங்கிவிடும், தண்ணீரில் எளிதில் தெரியாத 20 இறாத்தல் ஃபுளோரோகார்பன் நூலே போதும் என்று சொல்லி அதையும் தனியாக விற்றார்.

ஆற்றங்கரையில்தான் கோலின் அடிப்பகுதியில் சிறிய எழுத்தில் இருந்த ‘10–30 கிராம்’ என்ற குறிப்பைக் கவனித்தேன். அந்தக் கோல் வீசக்கூடிய எடை அவ்வளவுதான். பாதிக் கானாங்கெளுத்தியே 100 கிராமுக்குக் குறையாது. அதனுடன் ஈயக் குண்டும் சேர்ந்தபோது கோல் ஈர்க்குப் போல வளைந்து, இரை கரையோர நாணலிலேயே விழுந்தது. மிகவும் பாடுபட்டு ஒருவாறு வீசி, மூன்று மணி நேரம் காத்திருந்த பிறகு நூல் ஓடியது. இழுத்தேன், சில விநாடிகள் கனம் தெரிந்தது, பிறகு ஒன்றுமில்லை. நூலின் நுனி கத்தரிக்கோலால் நறுக்கியது போல இருந்தது.

பைக்கின் கீழ்த்தாடையில் குத்துவாள் போன்ற பற்களும், மேலண்ணத்தில் உள்நோக்கிச் சாய்ந்த நுண்ணிய பற்கள் வரிசை வரிசையாகவும் உள்ளன. சீலா மீனின் வாயைப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நானும் பார்த்தவன்தான், பார்த்திருந்தும் கடைக்காரரின் பேச்சை நம்பியது என் பிழை. பணத்தைவிட, முட்களுடன் போன அந்த மீனின் நினைவே எனக்கு அதிகம் உறுத்துகிறது.

அதன் பின்னர், பல ஆண்டுகளாகப் பைக் பிடிக்கும் ஒருவரிடம் கேட்டும் நானே பயன்படுத்திப் பார்த்தும் தெரிந்துகொண்டது இது. செத்த மீனை இரையாக வைப்பதற்கு 12 அடி நீளமும், 2.75 முதல் 3 இறாத்தல் வரையான வளைவு அளவும் கொண்ட கோல் தேவை. கோலின் நுனி அடிப்பகுதிக்குச் செங்கோணமாக வளைவதற்கு வேண்டிய எடையே வளைவு அளவு எனப்படுகிறது. பெட்டியின் படத்தை விட்டுவிட்டு, கோலின் மேல் இந்த எண் எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போலி இரையை வீசி இழுப்போருக்கு 7 முதல் 9 அடி வரையான, ஏறத்தாழ 40–80 கிராம் வீசக்கூடிய கோல் பொருந்தும். இரண்டுக்கும் ஒரே கோல் என்று விற்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

நைலோன் நூலானால் 15 இறாத்தலுக்குக் குறையக் கூடாது. பின்னல் நூலானால் 50 இறாத்தலுக்குக் கீழே போக வேண்டாம். அவ்வளவு கனமான மீன் வரும் என்பதற்காக அல்ல. மெல்லிய பின்னல் நூல் கல்லிலும் சிப்பியிலும் உராய்ந்து விரைவில் நைந்துபோகும் என்பதற்காக. இந்த நூலில் 150 மீற்றராவது கொள்ளும் 5000 அல்லது 6000 அளவு ரீலை வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முட்களுக்கும் நூலுக்கும் இடையே குறைந்தது 28 இறாத்தல் வலிமையும் 45 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள உலோகக் கம்பி கட்டாயம் இருக்க வேண்டும். அதன் விலை சில பவுண்டுகள்தான். என் 145 பவுண்டுப் பெட்டியில் அதுதான் இல்லை. முள்ளைக் கழற்றும் நீண்ட இடுக்கி, மீனைக் கிடத்தும் பாய், பெரிய வலை ஆகியவற்றைப் பற்றியும் அந்த விற்பனையாளர் வாய் திறக்கவில்லை.

ஒன்பதாம் நாள் பொருளைத் திருப்பிக் கொண்டுபோனபோது, நனைந்த பொருளை எடுக்க முடியாது என்றார்கள். 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வாங்குபவர் தம் நோக்கத்தைச் சொல்லியிருந்தால் பொருள் அந்நோக்கத்திற்குப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் 30 நாட்களுக்குள் அதை நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். இதைக் கடிதமாக எழுதிக் கொடுத்தும் பதில் வரவில்லை. நல்லகாலமாக நான் கடனட்டையில் வாங்கியிருந்தேன். ஒரு பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் இருந்தால், 1974 ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75 ஆவது பிரிவு, அட்டை நிறுவனத்தையும் விற்பனையாளருடன் சேர்த்துப் பொறுப்பாக்குகிறது. பற்றுச்சீட்டில் ‘பைக் தொகுதி’ என்றே அச்சாகியிருந்தது எனக்குச் சாட்சியாயிற்று. ஏழு வாரங்களில் 145 பவுண்டும் திரும்பக் கிடைத்தது. தனியாக வாங்கிய ஃபுளோரோகார்பன் நூலின் விலை கிடைக்கவில்லை, ஏனெனில் அது 100 பவுண்டுக்குக் குறைந்த வேறொரு பொருள்.

ஆற்றில் பைக் பிடிக்கும் பருவம் மார்ச் 14 உடன் முடிகிறது. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர் அந்தக் கடையைக் கடந்து போனேன். அதே பெட்டி, அதே விலையில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது.