வெப்ஹூக் போட்டு ரெண்டரை வருஷம்: பாட்டியோட தேயிலைச் செடி குட்டி போட்ட கதை

போன வாரம் குன்னூர்ல இருந்து ஃப்ரெண்டு ஒருத்தன் போன் பண்ணி, "மச்சி, உன் ஆப்ல வெப்ஹூக் வச்சிருக்கல்ல, எப்படிப் போகுது, நானும் என் ஹோம்ஸ்டே புக்கிங் சைட்ல போட்டுடவா"ன்னு கேட்டான். (வெப்ஹூக்னா, ஒரு சாஃப்ட்வேர்ல ஏதாவது நடந்ததும் அதுவே இன்னொரு சாஃப்ட்வேருக்குத் தானா சொல்லி விடறது.) போட்டுக்கோடான்னு ஒரு வார்த்தைல முடிச்சிருக்கலாம். முக்கால் மணி நேரம் திட்டித் தீத்திருக்கேன், யாரைத் திட்டினேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. அதான் ஆறின பிறகு உக்காந்து எழுதறேன்.

நான் கோத்தகிரி பக்கம். சித்தப்பா பசுந்தேயிலை ஏஜென்ட், சின்ன தோட்டக்காரங்ககிட்ட இலையை எடை போட்டு வாங்கி ஃபேக்டரிக்கு ஏத்தி விடுவார். அவருக்காக பிஎச்பி-ங்கற புரோகிராமிங் மொழில சின்னதா ஒரு வெப் ஆப் பண்ணேன், யார் இலை, எத்தனை கிலோ, ஈரத்துக்கு எவ்வளவு கழிவு, அவ்வளவுதான். இப்ப அக்கம்பக்கத்துல ஆறு ஏஜென்ட் அதுலதான் சிலிப் போடறாங்க. ஃபேக்டரில பணம் கணக்கு பாக்கற சாஃப்ட்வேர் தனி, வேற ஒருத்தர் பண்ணது. முன்னாடி அது நிமிஷத்துக்கு ஒருக்கா என் சர்வரைத் தட்டி "புது சிலிப் இருக்கா, புது சிலிப் இருக்கா"ன்னு கேட்டுட்டே இருக்கும். ஒரு நாளைக்கு 1,440 தடவை. இப்படிக் கேட்டுட்டே இருக்கறதுக்குப் பேர் போலிங். ராத்திரி ரெண்டு மணிக்கு பனில எவன் இலை பறிப்பான், ஆனாலும் கேக்கும். நீ கேக்காத, சிலிப் விழுந்தா நானே சொல்றேன்னு 2023 ஜூன்ல வெப்ஹூக் போட்டேன்.

நல்லதை முதல்ல சொல்லிடறேன், இல்லன்னா பின்னாடி சொல்ல மனசு வராது. ஒரு ஐப்பசி மழைல ரோட்டோரம் மரம் சாஞ்சு, ஃபேக்டரி பக்கம் 31 மணி நேரம் கரண்ட் இல்ல. அவங்க சாஃப்ட்வேர் ஓடறது ஆபீஸ் ரூம்ல இருக்கற ஒரு பழைய டெஸ்க்டாப்ல, அதுவும் அவுட். என் பக்கம் சிலிப் விழுந்துட்டே இருக்கு, அனுப்பினா போகல, க்யூல நிக்குது. 1 நிமிஷம், 5 நிமிஷம், அரை மணி, 2 மணி, 6 மணி, அப்புறம் 12 மணிக்கு ஒருக்கான்னு இடைவெளி விட்டு விட்டு 3 நாள் வரைக்கும் தட்டிப் பாக்கற மாதிரி வச்சிருந்தேன் (ஆன்லைன் பேமென்ட் கம்பெனி ஸ்ட்ரைப் 3 நாள் வரைக்கும் ட்ரை பண்ணும், அதைப் பாத்துதான்). கரண்ட் வந்து அன்னிக்கு ராத்திரிக்குள்ள 212 சிலிப்பும் தானா போய் உக்காந்துடுச்சு. யாரும் ஒரு போன் கூட பண்ணல. அந்த ஒரு நாளுக்காக இதை எத்தனை வேணா மன்னிக்கலாம்னு தோணுச்சு அப்போ.

அப்புறம் சிக்னேச்சர். அனுப்பறது நான்தான்னு அவங்க நம்பணும் இல்லையா, அதுக்கு ரெண்டு பேருக்கும் மட்டும் தெரிஞ்ச ஒரு ரகசியக் குறியை வச்சு எச்மேக் எஸ்எச்ஏ-256-ங்கற முறைல ஒரு சிக்னேச்சர் கணக்குப் போட்டு, சிலிப் கூடவே ஹெடர்ல அனுப்பறேன். முதல் வாரமே கூத்து. சில சிலிப் போகுது, சிலது 401-னு (அனுப்பறது யாருன்னு நம்ப முடியல) திரும்புது. பாத்தா, இங்கிலீஷ்ல பேர் போட்டவங்க எல்லாம் உள்ள போறாங்க, தமிழ்ல பேர் போட்டவங்க எல்லாம் வாசல்லயே நிக்கறாங்க! மூணு நாள் தூங்கல. காரணம் என்னன்னா, பிஎச்பி-ல ஜேசன் (தகவலை அனுப்பறதுக்கு எழுதற ஒரு வடிவம்) எழுதறப்ப ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் பேக்ஸ்லாஷ் போட்ட நம்பர் குறியா மாத்திடும், அந்தப் பக்கம் நோட் ஜேஎஸ்-ல ஓடற ஃபேக்டரி சாஃப்ட்வேர், அதைப் பிரிச்சுப் படிச்சுட்டு மறுபடி தானே ஜேசனா எழுதி அதுக்கு சிக்னேச்சர் போட்டுப் பாக்குது, அதுல தமிழ் தமிழாவே இருக்கு, பைட் மாறிடுச்சு, சிக்னேச்சர் எப்படி சேரும். வந்த பாடியை (அந்த ஜேசன் இருக்கற பகுதி) பிரிக்காம அப்படியே பச்சையா எடுத்து சிக்னேச்சர் பாக்கணும், அவ்வளவுதான் விஷயம். ஒரு வரி. மூணு நாள்.

இதெல்லாம் கூட சரி. என்னை இன்னிக்கு வரைக்கும் படுத்தறது டூப்ளிகேட்.

போன வருஷம் ரஷ் சீசன்ல ஒரு நாள் காலைல இலை ஷெட்ல நிக்கறேன். ஒரு பாட்டி வந்தாங்க, ஒன்றரை ஏக்கர் வச்சிருக்கறவங்க. இடுப்புல செருகியிருந்த பிளாஸ்டிக் கவரைப் பிரிச்சு சிலிப்பை ஒவ்வொண்ணா எடுத்து தராசுத் தட்டு மேல நீவி நீவி வச்சாங்க, கடைசியா ஃபேக்டரி குடுத்த மாசக் கணக்கை அதுக்குப் பக்கத்துல வச்சாங்க. "தம்பி, 48 கிலோ போட்ட அன்னிக்கு இவங்க 192-ன்னு எழுதியிருக்காங்க. என் செடி என்ன குட்டி போடுதா?"ன்னு கேட்டாங்க. சித்தப்பா சிரிச்சுட்டார். எனக்கு சிரிப்பு வரல. அதிகமா 144 கிலோ, கிலோ 20 ரூபான்னு வச்சாலே 2,880 ரூபா. ஒவ்வொரு தடவையும் எஸ்எம்எஸ் போயிருக்கு, ஆனா நம்பர் திருப்பூர்ல இருக்கற பையனோடது, அவன் ஏதோ நெட்வொர்க் கோளாறுல நாலு தரம் வருதுன்னு விட்டுட்டான்.

நடந்தது இதுதான். ஃபேக்டரி சாஃப்ட்வேர் என் சிலிப்பை வாங்கி, கணக்குல எழுதி, எஸ்எம்எஸ் அனுப்பி, அது போய்ச் சேந்துச்சான்னு பாத்துட்டு அப்புறம்தான் எனக்கு 200-னு (சரியா வந்து சேந்துச்சு) பதில் சொல்லுது. அதுக்கு 12 செகண்ட், 15 செகண்ட் ஆகுது. கிட்ஹப் (கோட் வைக்கற சைட்) தன் வெப்ஹூக்குக்குப் பதில் வர 10 செகண்ட்தான் காத்திருக்கும்னு பாத்து நானும் அதையே வச்சிருந்தேன். 10 தாண்டினதும் போகலன்னு நினைச்சு மறுபடி அனுப்பறேன், அவங்க மறுபடி எழுதறாங்க. நாலாவது தடவை எஸ்எம்எஸ் சீக்கிரம் போயிடுச்சு போல, பதில் வந்துச்சு, நின்னுச்சு.

அந்த சாஃப்ட்வேர்காரருக்குப் போன் போட்டு கத்தினேன். ஏங்க, வாங்கினதும் முதல்ல 200 சொல்லுங்க, வேலையைப் பின்னாடி பாருங்க, ஒரே ஐடி ரெண்டாவது தடவை வந்தா தூக்கிப் போடுங்கன்னு. மனுஷன் பொறுமையா கேட்டுட்டு, "சார், ஐடி பாத்துதான் சார் எழுதறோம், நீங்க ஒவ்வொரு தடவையும் புது ஐடி அனுப்பறீங்க"ன்னார். போய்ப் பாத்தேன். ஆமா. அனுப்பற ஃபங்ஷனுக்குள்ளயே ஐடி உண்டாக்கி வச்சிருக்கேன், ரீட்ரைக்கு ரீட்ரை புதுசா பொறக்குது. சிலிப் விழும்போதே ஒருக்கா உண்டாக்கி அதையே கடைசி வரைக்கும் அனுப்பியிருக்கணும். அவர்மேல பாதி தப்பு, என்மேல பாதின்னு நியாயமா எழுதணும்னுதான் பாக்கறேன், ஆனா 15 செகண்ட் எடுத்துக்கற அந்த எஸ்எம்எஸ் மேல எனக்கு இன்னும் கோவம் போகல.

ரெண்டையும் சரி பண்ணியாச்சு. ஆனாலும் மாசக் கடைசியில சித்தப்பா "அந்த குட்டி போடற வியாதி இல்லையே?"ன்னு கேக்காம கணக்கைக் கையில வாங்க மாட்டேங்கறார். ராத்திரி பத்து மணிக்கு ரெண்டு பக்கமும் கூட்டி ஒப்பிட்டுப் பாக்கற ஒரு ஸ்கிரிப்ட் வேற எழுதி வச்சிருக்கேன். அதாவது போலிங் வேணாம்னு வெப்ஹூக் போட்டு, வெப்ஹூக்கை நம்பாம மறுபடி ஒரு போலிங்.

வரிசை குழம்பறது தனி. சிலிப் கேன்சல் முன்னாடி போகும், சிலிப் போட்டது பின்னாடி போகும், இல்லாத சிலிப்பை எப்படிடா கேன்சல் பண்றதுன்னு ஃபேக்டரி சாஃப்ட்வேர் 500-னு எரர் அடிக்கும். இப்ப முழு விவரம் அனுப்பறதில்ல, "இந்த நம்பர் சிலிப்ல ஏதோ மாறியிருக்கு, வந்து பாத்துக்கோ"ன்னு மட்டும் சொல்றேன். எங்க அனுப்பணும்னு அட்ரஸ் போடற யூஆர்எல் பெட்டில எவனாவது 127.0.0.1-னு (எந்த மெஷினுக்கும் தன்னோட சொந்த அட்ரஸ்) போட்டா என் சர்வர் தன்னையே தட்டிக்கும்ங்கறது இன்னொரு பயம், அதையும் அடைச்சாச்சு.

வெப்ஹூக்னு 2007-ல பேர் வச்சவர் ஜெஃப் லிண்ட்சே. கொக்கின்னு சரியாத்தான் வச்சிருக்கார், மாட்டினா கழட்ட முடியல.

ஃப்ரெண்டுக்கு என்ன சொன்னேன்னா, போடாத. உனக்கு இருக்கறது நாலு ரூம், சீசன்லயே நாளைக்கு பத்து புக்கிங், அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா போலிங் பண்ணா செத்தா போயிடுவ. "அப்ப நீ எடுத்துடேன்"னான். எதுக்கு எடுக்கணும், நல்லாத்தானே ஓடுதுன்னு வாய் தவறி வந்துடுச்சு. அவன் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு.

மார்க் போடணும்னா இன்னிக்கு அஞ்சுக்கு ரெண்டு. இதை டைப் பண்ணும்போதே ஃபேக்டரி பக்கம் மறுபடி கரண்ட் போயிருக்கு போல, க்யூல 17 சிலிப் நிக்குது, அதுல அந்தப் பாட்டியோட 36 கிலோவும் இருக்கு. ராத்திரி பத்து மணி ஸ்கிரிப்ட் ஓடட்டும், பாத்துட்டுப் படுக்கறேன்.