முதலில் துணி, பிறகுதான் ஸ்பிரிட்: வேலூர் வீட்டில் சில ஆண்டு அனுபவம்

கைப்பேசி, ரிமோட் போன்ற கருவிகளைத் துடைக்கக் கொரோனா காலத்தில் வாங்கத் தொடங்கியவற்றில் எங்கள் வீட்டில் இன்றும் தீரத் தீர வாங்குபவை இரண்டுதான்: மைக்ரோஃபைபர் துணி, கிருமி கொல்லும் ஸ்பிரிட்டான 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். திரை துடைக்கும் வாசனைத் திரவம், நுரை, ஈரத்தாள் பாக்கெட் எல்லாம் வந்த வேகத்திலேயே போய்விட்டன. மிஞ்சிய இரண்டிலும் துணிக்குத்தான் என் ஓட்டு.

அதற்குக் காரணம் இந்த ஊரின் புழுதி. சத்துவாச்சாரியில், பெங்களூரு நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பாலாறு வறண்டு கிடக்கும் மாதங்களில் காலையில் ஜன்னலைத் திறந்தால் மாலைக்குள் லேப்டாப் மூடியின் மேல் விரலால் பெயர் எழுதலாம். கைப்பேசியில் இந்தப் புழுதியோடு வியர்வையும் தேங்காய் எண்ணெயும் விபூதியும் சேர்ந்துகொள்கின்றன. அழுக்கு இருக்கும் இடத்தில் கிருமிநாசினி சரியாக வேலை செய்யாது. அதைவிட மோசம், மணலோடு சேர்த்துத் தேய்ப்பது. மணலில் உள்ள குவார்ட்ஸ் கைப்பேசிக் கண்ணாடியைவிடக் கடினமானது. எனவே முதலில் ஊத வேண்டும், பிறகு அழுத்தாமல் துடைக்க வேண்டும். ஊதுவதற்கு கேமரா லென்ஸுக்கென்று விற்கும் ரப்பர் பல்பு போதும். வாயால் ஊதினால் எச்சில்தான் தெறிக்கும்.

அன்றாடம் இவ்வளவுதான் செய்கிறோம். பிசுக்கு போகவில்லை என்றால் துணியின் ஒரு மூலையை லேசாக ஈரமாக்கிக்கொள்ளலாம். அதற்குக் கேன் தண்ணீர்தான் நல்லது. எங்கள் பகுதி போர் தண்ணீர் காய்ந்தால் திரையில் வெள்ளைத் திட்டு விழுகிறது. துணியைத் துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவத்தைச் சேர்க்காதீர்கள். அது இழைகளில் படிந்துவிட்டால் துணி அழுக்கை எடுக்காமல் பூசிக்கொண்டே இருக்கும்.

ஆல்கஹால் யாருக்கு, எப்போது? என் மனைவி செவிலியர். வார்டுக்குள் போய்வரும் அவருடைய கைப்பேசியை ஷிப்டு முடிந்து வந்ததும் துடைத்தே ஆக வேண்டும். வீட்டில் யாருக்காவது காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் மற்ற கைப்பேசிகளும் அந்த வரிசையில் சேரும். மற்ற நாட்களில் தேவையில்லை. திரையின் மேல் விரல் ரேகை ஒட்டாமல் இருக்க ஒரு மெல்லிய பூச்சு உண்டு. தேய்க்கத் தேய்க்க அது குறைந்துகொண்டே வரும். டெம்பர்டு கிளாஸ் ஒட்டிவிட்டால் அந்தத் தேய்மானத்தை அது வாங்கிக்கொள்கிறது.

99 சதவீத ஆல்கஹால் என்றால் வீரியம் கூடுதல் என்று நினைத்துப் பலர் அதைத் தேடிப் போகிறார்கள். கிருமியின் புரதத்தைச் சிதைக்க ஆல்கஹாலுக்குக் கொஞ்சம் தண்ணீரும் வேண்டும். தண்ணீர் கலந்திருந்தால்தான் உடனே ஆவியாகாமல் சற்று நேரம் நின்று வேலை செய்யும். கைக்குப் போடும் சானிடைசர் இதற்கு மாற்றாகாது, அதில் சேர்க்கும் கிளிசரின் திரையில் பிசுபிசுப்பாகத் தங்கும். பிளீச்சிங் பவுடர் கரைசலும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கூடவே கூடாது. ஆப்பிள் நிறுவனமே தன் கருவிகளுக்கு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் துடைப்பானை அனுமதித்து, இவ்விரண்டையும் தவிர்க்கச் சொல்கிறது.

கருவியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, கவரை உரித்துவிட்டுத் தொடங்குங்கள். திரவத்தைத் துணியில்தான் விட வேண்டும், கருவியின் மேல் ஒருபோதும் தெளிக்கக் கூடாது. துணி சொட்டும் அளவுக்கு நனையக் கூடாது. துடைத்த ஈரம் தானாகக் காயட்டும். சமையலறையிலும் விளக்கு எரியும் பூஜை அறையிலும் இந்த வேலை வேண்டாம், ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கும்.

கைப்பேசியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எங்கள் வீட்டில் டிவி ரிமோட்டுக்குத்தான் அதிகக் கவனிப்பு தேவைப்படுகிறது. மிக்சர் சாப்பிட்ட கை, இருமிய கை எல்லாம் அதன் மேல்தான் போகின்றன. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஆல்கஹாலில் தோய்த்துப் பிழிந்த பஞ்சுக்குச்சியை ஒலி கூட்டும் பொத்தானைச் சுற்றி ஓட்டினால் கறுப்பும் எண்ணெயுமாக ஒரு கோடு பஞ்சில் ஏறிவரும். ரப்பர் பொத்தான்களின் இடுக்குக்குப் பழைய குழந்தை டூத் பிரஷ் நன்றாக உதவுகிறது. இப்போது என் அம்மா பாலிதீன் உறை போட்டு ரப்பர் பேண்ட் மாட்டிவைத்திருக்கிறார். பார்க்க நன்றாக இல்லை என்பவர்கள் சொல்லட்டும். அழுக்கானதும் உறையை மாற்றினால் வேலை முடிந்தது. நான் அம்மா பக்கம்தான்.

கிருமி கொல்லும் புறஊதா ஒளிப் பெட்டி ஒன்று உறவினர் பரிசாகக் கொடுத்தது. ஒளி நேராகப் படும் இடத்தில் மட்டுமே அது வேலை செய்யும், கவரின் மடிப்பிலும் அழுக்குக்கு அடியிலும் எட்டாது. காசு கொடுத்து வாங்கச் சொல்ல மாட்டேன்.

அப்பாவின் கருவிகளுக்கு விதி வேறு. சர்க்கரை பார்க்கும் மீட்டரின் வெளிப்புறத்தைத் துடைக்கலாம், ஸ்ட்ரிப் செருகும் துளைக்குள் ஈரம் போகவே கூடாது. பல்ஸ் ஆக்சிமீட்டரில் விரல் வைக்கும் உட்பகுதியையும் மறக்காதீர்கள். காது கேட்கும் கருவிக்கு ஆல்கஹாலே கூடாது. உலர்ந்த துணியும் அதோடு வந்த குட்டி பிரஷும்தான். காலையில் துடைப்பதே நல்லது, இரவு முழுவதும் காய்ந்திருக்கும் காதழுக்கு அப்போது எளிதில் உதிர்கிறது. ராத்திரி படுக்கும்போது பேட்டரிக் கதவைத் திறந்துவைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வைக்கிறோம். வெயில் காலத்து வியர்வைக்கும் ஐப்பசி மழை ஈரத்துக்கும் அதுதான் காப்பு. இந்தக் கருவி இருக்கும் வீட்டில், வேறு எதை வாங்குவதற்கும் முன்னால் அந்த டப்பாவை வாங்கிவிடுங்கள்.