லாய்க்ட்டுர்ம்1917 நோட்டும் புல்லட் ஜர்னலும்: இவ்வளவு காசு தேவையா?

புல்லட் ஜர்னல் என்பது வேலைகளையும் குறிப்புகளையும் ஒரே நோட்டில் கையால் எழுதி வைக்கும் முறை. அதன் பெயரைக் கேட்டதும் யூடியூபில் வரும் வாட்டர்கலர் பூக்களும் வாஷி டேப் என்ற அலங்காரக் காகித டேப்பும்தான் பலருக்கு ஞாபகம் வரும். அவை இல்லாமலே நடக்கும். ரைடர் கேரல் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 2013இல் வெளியிட்ட முறை வெகு சிக்கனமானது. வேலைக்குப் புள்ளி, நிகழ்ச்சிக்கு வட்டம், குறிப்புக்குச் சிறு கோடு. வேலை முடிந்தால் புள்ளிமேல் பெருக்கல் குறி. முதலில் பொருளடக்கம், அடுத்து எதிரெதிர்ப் பக்கம் இரண்டை ஆறாகப் பிரித்து வரும் ஆறு மாதங்கள், பிறகு நடப்பு மாதம், அதன்பின் அன்றாடம்.

தலைப்பாரம் இறங்குவது மாதக் கடைசியில். முடியாத வேலையை அடுத்த மாதத்துக்குக் கையால் திரும்ப எழுத வேண்டும். 'பரணை ஒழிக்க' என்று மூன்றாவது மாதமும் எழுதக் கை வரவில்லையா? அடித்துவிடலாம். ஆப்பில் தள்ளிப்போட ஒரு தட்டு போதும். பட்டியல் வீங்குவது அதனால்தான். இந்தக் கால் மணி நேர வேலையைத் தவிர்ப்பவர்களுக்கு இது வெறும் டைரி.

அன்றாடப் பக்கங்களுக்கு முன்கூட்டியே கட்டம் போடக் கூடாது. ஒரு நாள் மூன்று வரி, மறுநாள் ஒரு பக்கம் என்றுதான் வரும். காலிக் கட்டங்களைப் பார்த்தே பலர் நோட்டை மூடிவிடுகிறார்கள். இது மணி அடித்து நினைவூட்டாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில், மாத்திரை நேரம் எல்லாம் போன் காலண்டரிலேயே இருக்கட்டும்.

இனி, இந்த முறைக்குப் பலர் வாங்கும் லாய்க்ட்டுர்ம்1917 நோட்டு. ஏ5 அளவு, 251 பக்கம், 80 ஜிஎஸ்எம் தாள் (எண் கூடினால் தாள் கனம்), 5 மி.மீ. இடைவெளியில் புள்ளிகள். பக்க எண்ணும் பொருளடக்கத் தாளும் அச்சிட்டே வருவது உண்மையிலேயே வசதி. விரித்தால் தட்டையாகக் கிடக்கும். 0.5 ஜெல் பேனாவுக்குப் பிரச்சினை இல்லை. மைப் பேனாவில் எழுதினால் பின்பக்கம் நிழல் தெரியும், ஆல்கஹால் மார்க்கர் ஊடுருவியே விடும். இதே நோட்டில் கனமான 120 ஜிஎஸ்எம் தாளில் புல்லட் ஜர்னல் பதிப்பும் உண்டு, பக்கம் குறைவு.

இரண்டுமே ஆயிரம் ரூபாயைத் தாண்டும். முதல் இரண்டு மாதம் சாதாரணக் கோடு போட்ட நோட்டில் பக்க எண் போட்டு ஓட்டிப் பாருங்கள். பிறகும் வாங்கத் தோன்றினால் ஏ5தான், அதில் பாதி அளவான ஏ6 வேண்டாம். கொம்பும் சுழியுமாகத் தமிழில் எழுத 5 மி.மீ.யே நெருக்கம், ஒரு வரி விட்டு ஒரு வரி எழுத வேண்டியிருக்கும்.